துணைக்கு ஒரு பெண்

மூன்று லட்சம் வோல்ட்டுக்கு நான் பயந்ததில்லை. அது எங்கே இருக்கிறது, எவ்வளவு தூரம் தாவும், எதைத் தொட்டால் அடங்கும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். சுற்றறிக்கை அப்படியில்லை. எந்தப் பக்கம் தாவும் என்று யாராலும் சொல்ல முடியாது, எதைத் தொட்டாலும் அடங்காது. எங்கள் துறையின் அறிவிப்புப் பலகையில் புதிதாக ஒரு தாள் குத்தியிருந்தால், படிப்பதற்கு முன்பே எனக்கு உள்ளங்கை வேர்த்துவிடும்.

எங்களுடையது உயர் மின்னழுத்தவியல் துறை. பெயரைக் கேட்டாலே ஆண்கள் மார்பை நிமிர்த்துவார்கள். மாடிப்படி நெடுக முன்னாள் தலைவர்களின் படங்கள் வரிசையாக மாட்டியிருக்கும். அத்தனை பேருக்கும் மீசை உண்டு. அந்த மீசைகளைக் கடந்து தினமும் மேலே ஏறி இறங்கிய ஒரே பெண் நான்தான். எனக்கு வரும் கடிதங்கள் எல்லாம் 'ஐயா' என்றுதான் தொடங்கும். நானும் ஐயாவாகவே பதில் எழுதிப் பழகிவிட்டேன்.

என் ஆய்வைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மின்கோபுரங்களில் கம்பியைத் தாங்கிக்கொண்டு பீங்கான் தட்டுகள் தொங்குமே, கடற்கரை உப்புக்காற்று அவற்றை என்ன செய்கிறது என்று பார்ப்பதுதான் வேலை. தட்டுகளைக் கண்ணாடிக் கூண்டுக்குள் தொங்கவிட்டு, உப்புநீரைப் பனி மாதிரித் தெளித்து, மின்னழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்ற வேண்டும். ஒரு கட்டத்தில் தட்டின் மேல் நீலப்பொறி ஒன்று ஊரத் தொடங்கும். அது எப்போது ஊர்கிறது, எப்போது தட்டைத் தாண்டிப் பாய்கிறது என்பதுதான் கணக்கு. காலையில் ஆரம்பித்தால் சாயங்காலம் வரை நிறுத்தக் கூடாது. நடுவில் நிறுத்தினால் உப்பு காய்ந்துவிடும். தட்டுகளை இறக்கி, கழுவி, துடைத்து, மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

இந்த ஆய்வை முடித்துக் கொடுத்தால் என் வேலை நிரந்தரமாகும். முடிக்காவிட்டால் மூன்று வருடத் தகுதிகாண் பருவத்தோடு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். இப்படியொரு ஆய்வகம் எங்கள் சுற்றுவட்டாரத்தில் வேறு எங்கும் கிடையாது. வெளியே போனால் மின்சாரத்துக்கும் எனக்கும் மிஞ்சுகிற உறவு வீட்டில் பல்பு மாற்றுவது மட்டும்தான். கடைசி வருடம் பிறந்தபோது பாதி வேலை முடிந்திருந்தது. இன்னும் சில மாதம் யாரும் என்னைக் கவனிக்காமல் இருந்தால் போதும் என்று வேண்டிக்கொண்டேன்.

அந்த நேரம் பார்த்துத்தான் என்னை முன்னேற்றுவது என்று மேலிடத்தில் முடிவெடுத்தார்கள்.

மகளிர் பங்கேற்பு மேம்பாட்டுக் குழு என்று ஒன்று அமைந்தது. தலைவர், அமைப்பாளர், உறுப்பினர்கள் என்று ஏழு பேர். ஏழு பேரும் ஆண்கள். என்னை முதல் கூட்டத்துக்கு அழைத்தார்கள், ஆனால் உறுப்பினராக அல்ல. பயனாளியே குழுவில் இருந்தால் நடுநிலை கெட்டுவிடும் என்று அமைப்பாளர் விளக்கினார். அவர் ஒல்லியான மனிதர். கையில் எப்போதும் சிவப்பு வெளிச்சம் அடிக்கும் சுட்டுகோல் ஒன்று இருக்கும். அதைச் சுவரில் அடித்துக்கொண்டே பேசுவார், சுவரில் ஒன்றும் இல்லாவிட்டாலும்.

"நம்ம துறையில பெண்கள் எண்ணிக்கை ஒண்ணு," என்றார். "போன வருஷமும் ஒண்ணு. அதுக்கு முந்தின வருஷமும் ஒண்ணு. அதாவது வீழ்ச்சியே கிடையாது. இதை நம்ம முதல் வெற்றியா பதிவு பண்ணிக்கலாம்."

பதிவு செய்துகொண்டார்கள். பிறகு துறைத் தலைவர் பேசினார். கனத்த உடம்பு, கனத்த குரல், யாரையும் நோகடிக்காத சிரிப்பு.

"எனக்குப் பெண்கள் மேல ரொம்ப மரியாதைம்மா. எங்க வீட்ல எல்லா முடிவும் என் மனைவிதான் எடுப்பாங்க. அதனாலதான் இங்கயாவது நான் எடுக்கிறேன்." எல்லாரும் சிரித்தார்கள். "சரி, பெண்கள் ஏன் இந்தத் துறைக்கு வர மாட்டேங்கிறாங்க? நீங்கதான் சொல்லணும். மனசைத் திறந்து பேசுங்க."

நான் வாயைத் திறந்தேன்.

"அதைத்தான் நாங்க ஆராயப் போறோம்," என்றார் அமைப்பாளர். நான் வாயை மூடிக்கொண்டேன். பயனாளியின் கருத்து கேட்கப்பட்டது என்று அதையும் பதிவு செய்துகொண்டார்கள்.

குழு என்றால் அலுவலகம் வேண்டும். கட்டடத்தில் காலி அறை கிடையாது. தேடிப் பார்த்ததில், கீழ்த்தளத்தில் ஒரே ஒருவருக்காக முழுசாக ஓர் அறை வீணாகிக்கொண்டிருப்பது தெரிந்தது. அது பெண்கள் கழிப்பறை. ஒரு வாரத்தில் வாஷ்பேசினை மறைத்து அலமாரி வந்தது, மேசை வந்தது, அமைப்பாளருக்குச் சுழல் நாற்காலி வந்தது. கதவில் பாவாடை போட்ட உருவம் ஒன்று ஒட்டியிருந்தது. அதை மட்டும் எடுக்கவில்லை. பொருத்தமாக இருக்கிறதென்று அதையே குழுவின் சின்னமாக வைத்துக்கொண்டார்கள்.

அன்றிலிருந்து நான் நூலகக் கட்டடம் வரை நடந்தேன். ஆய்வு ஓடும் நாட்களில் நடக்கவும் வழியில்லை என்பதால் தண்ணீர் குடிப்பதை விட்டேன். தாகம் பழகிவிட்டது. ஆனால் பயம் அப்போதுதான் பிடித்தது. இவர்கள் என்மேல் கோபமாக இருந்திருந்தால் தப்பித்திருப்பேன். அக்கறையாக அல்லவா இருக்கிறார்கள்.

அக்கறையின் அடுத்த தவணை அறிவிப்புப் பலகையில் வந்தது. எங்கள் ஆய்வகத்தில் யாரும் தனியாக வேலை செய்யக் கூடாது என்பது பழைய விதி, நல்ல விதி. ஒருவருக்கு அடிபட்டால் இன்னொருவர் மின்சாரத்தை அணைக்க வேண்டுமே. இத்தனை நாளும் எனக்குத் துணை ஆய்வக உதவியாளர்தான். ஓய்வு பெறும் வயது, இடுப்பில் சாவிக்கொத்து, அதிகம் பேசாத மனிதர். புதிய சுற்றறிக்கை அந்த விதியை மேம்படுத்தியிருந்தது. 'பெண் ஆய்வாளர்களின் பாதுகாப்பையும் மன நிம்மதியையும் கருதி, இனி பெண்ணுக்குத் துணையாகப் பெண்ணே இருத்தல் வேண்டும். துணையாக வருபவர் எக்காரணம் கொண்டும் கருவிகளைத் தொடக் கூடாது.'

மறுநாள் காலையில் ஆய்வகக் கதவு பூட்டியிருந்தது. உதவியாளர் வெளியே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"துணைக்குப் பெண் இருக்காங்களா மேடம்?"

"இந்தத் துறையில நான் ஒருத்திதானே அண்ணே பெண்."

"தெரியும் மேடம்."

"அப்போ துணைக்கு யார் வர முடியும்?"

அவர் சாவியைப் பார்த்தார், சுற்றறிக்கையைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. "அதுல போடலீங்களே," என்றார். அவருக்கும் என்னைப் போலவே சுற்றறிக்கை என்றால் பயம். பயந்தவர்கள் ஒருவரை ஒருவர் புரிந்துகொள்வோம். ஆனால் கதவைத் திறக்க மாட்டோம்.

அமைப்பாளரிடம் போனேன். பாவாடை உருவம் போட்ட கதவைத் தட்டிவிட்டு உள்ளே நுழைந்தேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"பாருங்கம்மா, போன வருஷம் உங்க பாதுகாப்புக்குன்னு ஒரு விதி உண்டா? கிடையாது. இப்போ உண்டு. முன்னேற்றமா இல்லையா?"

"ஆனா நான் உள்ள போக முடியலையே சார்."

"உள்ள போகலேன்னா ஆபத்தே இல்லையே," என்றார். உண்மையாகவே மகிழ்ச்சியோடு சொன்னார். அந்த மகிழ்ச்சியைப் பார்த்துத்தான் நான் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தேன்.

இரண்டு வாரம் ஆய்வகத்துக்கு வெளியே நின்றேன். வீட்டில் வந்து புலம்பினேன். என் கணவர் பள்ளிக்கூடத்தில் ஓவிய ஆசிரியர், சாது. "யாராவது தோழியைக் கூட்டிட்டுப் போயேன்," என்றார். தோழிகளுக்கெல்லாம் அவரவர் வேலை இருந்தது. அப்போதுதான் அவர் பார்வை மெதுவாக மாமியார் பக்கம் திரும்பியது.

என் மாமியாரை அறிமுகப்படுத்த ஒரு செய்தி போதும். இஸ்திரிப் பெட்டியின் சுவிட்சை அவர் விரலால் தொட மாட்டார். மரக்கரண்டியால் அழுத்துவார், கண்ணை மூடிக்கொண்டு. இடி இடித்தால் வீட்டில் உள்ள எல்லா பிளக்கையும் பிடுங்கச் சொல்வார், கடிகாரத்தில் இருக்கும் பேட்டரி உட்பட.

"நானா? அந்தக் கரண்டுக் கொட்டாய்க்கா?" என்றார். "என் பிள்ளைக்கு என்மேல என்ன கோபம்?"

"சும்மா உக்காந்திருந்தா போதும் அத்தை. எதையும் தொட வேண்டியதில்ல. தொடவே கூடாதுன்னு விதி."

"நல்ல விதி," என்றார். "உன் வேலை போயிடுச்சுன்னா நாள் முழுக்க வீட்ல என் மூஞ்சியையே பாத்துக்கிட்டு இருப்ப. நானும் உன் மூஞ்சியைப் பாக்கணும். அது நம்ம ரெண்டு பேருக்கும் நல்லதில்ல. வர்றேன்."

ஆய்வகம் என்பது ஜன்னல் இல்லாத பெரிய கூடம். நடுவே கம்பிவலை வேலி. வேலிக்குள் ஆள் உயரத்துக்கு மேல் மின்தேக்கித் தூண், பக்கத்தில் என் கண்ணாடிக் கூண்டு. வேலிக்கு வெளியே கண்ணாடிச் சுவர் போட்ட சின்னக் கட்டுப்பாட்டு அறை. மாமியார் அதற்குள் ஒரு நாற்காலியைச் சுவரோரமாக இழுத்துப் போட்டு, கால் தரையில் படாமல் சம்மணமிட்டு உட்கார்ந்தார். நான் மின்னழுத்தத்தை ஏற்றினேன். தட்டுகள் சீறின. எங்கோ ஒரு பொறி பட்டென்று வெடித்தது. திரும்பிப் பார்த்தால் நாற்காலி காலி. மேசைக்கு அடியிலிருந்து குரல் வந்தது.

"ஏம்மா, நீ இத்தனை வருஷமா இதுக்கா போயிட்டு வந்த?"

"ஆமா அத்தை."

"நான் ஏதோ ஆபீசுன்னு நெனச்சேன்." சிறிது நேரம் கழித்து, "வீட்ல நான் திட்டினா நீ பதில் பேசாம இருப்பியே, இப்பதான் புரியுது," என்றார்.

மூன்றாம் நாள் அவர் வேறொரு பிரச்சினையைக் கிளப்பினார். "கக்கூஸ் எங்க இருக்கு?" நூலகக் கட்டடத்தைக் காட்டினேன். அவர் தன் முழங்காலைக் காட்டினார். "அவ்வளவு தூரம் என்னால முடியாது. பக்கத்துல இல்லேன்னா நாளையிலிருந்து வரமாட்டேன்."

இந்தச் செய்தி எப்படியோ குழுவின் காதுக்குப் போய்விட்டது. அவர்கள் என்னைத் திட்டப்போகிறார்கள் என்று நான் நடுங்கிக்கொண்டிருந்தேன். அமைப்பாளரோ ஓடிவந்தார். முகம் வெளுத்திருந்தது.

"உங்க மாமியார் நின்னுட்டா என்ன ஆகும் தெரியுமா? மாதாந்தர அறிக்கை போயாச்சு. ஆய்வகத்துல பெண்கள் எண்ணிக்கை ஒண்ணுலேருந்து ரெண்டு. நூறு சதவீத வளர்ச்சி. இப்போ அவங்க வரலேன்னா அப்படியே பாதியா சரிஞ்சிடும்மா. மேலிடத்துக்கு நான் என்ன பதில் சொல்றது?"

அப்போதுதான் தெரிந்தது, அவரும் பயந்துகொண்டுதான் இருக்கிறார். அவர் மேலிடத்துக்குப் பயந்தார், மேலிடம் ஆண்டாய்வுக்கு வரப்போகிற குழுவுக்குப் பயந்தது. இவ்வளவு பேரும் பயந்துகொண்டே என்னை முன்னேற்றிக்கொண்டிருந்தார்கள்.

ஆய்வகத்தை ஒட்டி புதிய கழிப்பறை பத்தே நாளில் எழும்பியது. நான் கேட்டிருந்தால் நடந்திருக்குமா என்று யோசித்துப் பார்த்தேன். மாமியார் ரிப்பன் வெட்டினார். துறைத் தலைவர் அரை மணி நேரம் பேசினார். "இது வெறும் கழிப்பறை இல்ல, நம்ம மனசு திறந்ததோட அடையாளம்," என்றார். விழாவுக்கு எல்லாரும் வர வேண்டும் என்பதால் அன்று நடந்துகொண்டிருந்த ஆய்வை நிறுத்தச் சொன்னார்கள். உப்பு காய்ந்தது. தட்டுகளைக் கழுவினேன்.

அதன்பின் நிறுத்துவது வாடிக்கையாகிவிட்டது. மாமியாரைப் படமெடுக்க ஒருநாள். மாமியாரைப் பேட்டி எடுக்க ஒருநாள். "சாதனைப் பெண்ணுக்கு இந்தத் துறை மேல எப்படி ஆர்வம் வந்துச்சு?" என்று கேட்டார்கள். "வீட்ல சும்மாதான் இருந்தேன்," என்றார் அவர். அதைப் பெரிய எழுத்தில் அச்சடித்து மாடிப்படியில், மீசைகளுக்கு நடுவே மாட்டினார்கள். ஒவ்வொரு தடவையும் நான் தட்டுகளைக் கழுவினேன். மூன்று வருடத்தில் எட்டிய இடத்திலிருந்து ஆய்வு பின்னோக்கிப் போய்க்கொண்டிருந்தது. கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதைதான்.

ஆண்டாய்வுக் குழு வரும் தேதி தெரிந்ததும் அமைப்பாளருக்குத் தூக்கம் போனது. இரண்டு என்ற எண்ணிக்கை அவருக்குப் போதவில்லை. குழு உறுப்பினர் ஒவ்வொருவரும் வீட்டிலிருந்து ஒரு பெண்ணையாவது அழைத்து வர வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். மனைவிகள் வந்தார்கள், ஒருவருடைய அக்கா வந்தார், இன்னொருவருடைய மச்சினி வந்தார். கட்டுப்பாட்டு அறையில் எட்டுப் பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி. எண்ணிப் பார்த்தார்கள். நான் ஒன்பதாவது ஆள்.

"நீங்க கொஞ்சம் வெளிய நில்லுங்கம்மா," என்றார் அமைப்பாளர். "பெண்கள் உள்ள இருக்காங்க."

கண்ணாடிக்கு வெளியே நின்று என் கருவிகளைப் பார்த்தேன். உள்ளே எல்லாரும் மடியில் கைப்பையை இறுக்கிப் பிடித்து, அசையாமல், தொங்கும் தட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். டீ இடைவேளையில் அமைப்பாளரின் மனைவி என்னை ஓரமாக இழுத்தார்.

"என்னை எதுக்கு இங்க உக்கார வச்சிருக்காங்கன்னு உங்களுக்காவது தெரியுமா?" என்று ரகசியமாகக் கேட்டார். "இவர் வீட்ல ஒண்ணும் சொல்ல மாட்டேங்கிறாரு. நான் ஏதாவது தப்புப் பண்ணிட்டேனா?"

தப்பு ஒன்றுமில்லை, முன்னேறிக்கொண்டிருக்கிறீர்கள் என்றேன். அவர் கண் கலங்கிவிட்டது.

ஆண்டாய்வுக் குழு வந்த நாள் எனக்கு இன்னும் அப்படியே நினைவிருக்கிறது.

வேலியின் உள்பக்கம், மின்தேக்கித் தூணுக்கு முன்னால், பெரிய பேனர் ஒன்று கட்டியிருந்தார்கள். எங்கள் ஆய்வகத்தில் ஒரு பழக்கம் உண்டு. வேலிக்குள் நுழைபவர் யாராக இருந்தாலும் முதலில், மிச்ச மின்சாரத்தைத் தரைக்கு இறக்கும் எர்த் கோலை எடுத்து, அதன் கொக்கியை மின்தேக்கியின் தலையில் மாட்ட வேண்டும். சுவிட்சை அணைத்துவிட்டாலும் மின்தேக்கி வாங்கியதை உடனே விடாது. கோபக்கார உறவினர் மாதிரி, எல்லாம் முடிந்துவிட்டது என்று நாம் நினைக்கும்போது மனதில் வைத்துக்கொண்டிருக்கும். அந்தக் கோல் மஞ்சள் நிறத்தில் வேலிக் கதவருகே எப்போதும் தொங்கும். கண்ணைக் கட்டிவிட்டாலும் நான் அதை எடுப்பேன்.

வந்த குழுவின் தலைவர் வயதானவர், காது கொஞ்சம் மந்தம். அவருக்காக நான் ஒரு தடவை மின்னழுத்தத்தை ஏற்றிக் காட்டினேன். பொறி பாய்ந்தது, கைதட்டினார்கள், அணைத்தேன். துறைத் தலைவர் பேச எழுந்தார்.

"பெண்களுக்கு இந்தத் துறையில எந்தத் தடையும் கிடையாதுன்னு நான் உறுதியா சொல்வேன். ஏன்னா எந்தப் பெண்ணும் எங்கிட்ட வந்து தடை இருக்குன்னு சொன்னதே இல்ல. அப்படிச் சொல்ல வந்த ஒரே ஒருத்தரையும் நாங்க தைரியம் சொல்லி அனுப்பிட்டோம்."

அப்போது பேனரின் ஒரு முனை அவிழ்ந்து தொங்கியது. அமைப்பாளருக்கு அது பொறுக்கவில்லை. வேலிக் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போய்விட்டார். பேனரைக் கட்ட எம்பினார். பிடிமானத்துக்காக இடது கை மின்தேக்கித் தூணின் பக்கம் போனது.

நான் கதவருகே பார்த்தேன். எர்த் கோல் அங்கே இல்லை.

"கைய எடு!"

அது என் குரல் என்று எனக்கே தெரியவில்லை. கூடம் முழுக்க எதிரொலித்தது. அமைப்பாளர் அப்படியே உறைந்தார். அவருடைய விரலுக்கும் தூணுக்கும் இடையில் ஒரு சாண் இருந்திருக்கலாம். "பின்னாடி வா. எதையும் தொடாதே. கோல் எங்க?" அவர் உதடு மட்டும் அசைந்தது. "படத்துல அசிங்கமா மஞ்சளா தெரிஞ்சுது... கருவி அலமாரிக்குப் பின்னாடி வச்சிட்டேன்..." ஓடினேன். எடுத்தேன். கொக்கியைத் தூணின் தலையில் வைத்தேன். துப்பாக்கி சுட்டது போல ஒரு சத்தம், நீல வெளிச்சம். புகைப்படக்காரர் கேமராவைப் போட்டுவிட்டு ஓடியே போனார். அமைப்பாளர் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

ஆண்டாய்வுக் குழுவின் தலைவர் தன் கையில் இருந்த தாளைப் புரட்டினார்.

"இது நிகழ்ச்சி நிரல்ல இருக்கா?" என்று கேட்டார்.

"இருக்குங்க," என்றார் அமைப்பாளர், தரையில் உட்கார்ந்தபடியே. "செயல்விளக்கம்."

எல்லாரும் கைதட்டினார்கள். மாமியார் மட்டும் தட்டவில்லை. அவர் என் பக்கத்தில் வந்து நின்று, என் கையைப் பிடித்துக்கொண்டார்.

ஒரு மாதம் கழித்துத் துறைத் தலைவர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். ஏழு பேரும் இருந்தார்கள். நாற்காலியில் உட்காரச் சொன்னார்கள், டீ கொடுத்தார்கள். டீ கொடுத்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது.

"முதல்ல உங்களுக்கு நன்றிம்மா," என்றார் தலைவர். "இலக்கு ரெண்டு பெண்கள். நாம எட்டைத் தொட்டுட்டோம். வேற எந்தத் துறையும் பக்கத்துல வர முடியல. இதுக்கு ஆரம்பம் நீங்கதான்."

"சரிங்க சார்."

"இப்போ பாருங்க, உங்க பணியிடம் எதுக்கு வந்தது? பெண்களை இந்தப் பக்கம் கொண்டுவர. இப்போ அவங்க தானாவே வர்றாங்க. இலக்கு முடிஞ்ச பிறகு அந்த இடத்தை வச்சிருந்தா தணிக்கையில கேப்பாங்க."

"யார் சார் தானா வர்றாங்க?"

"உங்க மாமியார்," என்றார். "அவங்க ஆர்வத்தை நாங்க எல்லாருமே பாத்தோம்."

"என் ஆய்வு சார்... இன்னும் கொஞ்சம்தான்..."

"அதுவும் ஒரு விஷயம்," என்றார் அமைப்பாளர். என் முகத்தைப் பார்க்காமல் சுட்டுகோலைச் சுவரில் அடித்தார். "மூணு வருஷமா ஆய்வு முடியல. நடுநடுவுல நிறுத்தி நிறுத்திப் பண்ணியிருக்கீங்க. அதோட, பெரியவங்க முன்னாடி என்னை வா போன்னு பேசினீங்க. நான் தப்பா எடுத்துக்கல. ஆனா பதிவாயிடுச்சு."

அவர் உயிரோடு உட்கார்ந்து அதைச் சொன்னார். எனக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது. இரண்டையும் டீயோடு விழுங்கிவிட்டு வெளியே வந்தேன். படியில் இறங்கும்போது மீசைகளுக்கு நடுவிலிருந்து மாமியார் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்தபோது நிஜ மாமியார் சிரிக்கவில்லை. தபாலில் வந்த உறை ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தார். என் கணவர் வாங்கிப் படித்தார். ஆய்வகத்துக்கு இடைவிடாமல் வருகை தந்து பிற பெண்களுக்கு முன்னுதாரணமாக விளங்கியதால், அவரைக் கௌரவ ஆய்வாளராக நியமித்திருக்கிறார்கள். நின்றுபோன உப்புப்பனி ஆய்வை அவரே தொடர்ந்து நடத்தலாம்.

நான் குழாயடியில் போய் முகம் கழுவினேன். என்ன செய்வது என்றே தெரியவில்லை. நாளை காலை எழுந்து எங்கே போவது என்ற பயம்தான் பெரிதாக இருந்தது. பின்னால் மாமியாரின் குரல் கேட்டது.

"ஏண்டா, அந்த எழவெடுத்த கூடத்துல நான் தனியா உக்காரணுமா?"

"இல்லம்மா," என்றார் என் கணவர். "பெண் ஆய்வாளருக்குத் துணையா இன்னொரு பெண் இருக்கணுமாம். அது விதி."

மாமியார் மறுநாளே குழுவிடம் போனார். மருமகள் துணைக்கு வந்தால் வருவேன், இல்லாவிட்டால் இன்றோடு சரி என்றார். குழு கதிகலங்கிப்போனது. உறுப்பினர்களின் மனைவிகளைத் துணைக்குக் கேட்டுப் பார்த்தார்கள். அத்தனை பேருக்கும் ஒரே நாளில் முழங்கால் வலி வந்திருந்தது. எட்டு என்று எழுதிக் கொடுத்த எண்ணிக்கை பூஜ்யமாகிவிடுமே. வேறு வழியில்லாமல் துணையாளர் என்று ஒரு தற்காலிக இடம் உண்டாக்கி, எனக்கு நேர்காணல் வைத்தார்கள்.

அதே ஏழு பேர். அதே அறை.

"மின்சாரம்னா பயம் உண்டா?" என்றார் தலைவர்.

"இல்லீங்க."

"மாமியார்னா?"

நான் உண்மையைச் சொன்னேன். "கொஞ்சம் உண்டுங்க."

ஏழு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையசைத்தார்கள். "துணைக்கு வர்றவங்களுக்கு அது இருக்க வேண்டியதுதான்," என்றார் அமைப்பாளர். இடம் கிடைத்தது.

திங்கட்கிழமை காலையில் உதவியாளர் கதவைத் திறந்துவிட்டார். மாமியாருக்கு எழுந்து நின்று வணக்கம் சொன்னார். என்னிடம் சுற்றறிக்கையின் கடைசி வரியைக் காட்டி, "நீங்க எதையும் தொடக் கூடாதுங்க," என்றார். மன்னிப்புக் கேட்கிற குரல்.

தட்டுகளை முன்பே கழுவித் தொங்கவிட்டிருந்தார். பனி கூண்டுக்குள் மெல்லப் படரத் தொடங்கியது. கட்டுப்பாட்டு மேசையில் பச்சைப் பொத்தான் இருக்கிறது. மின்னழுத்தம் ஏறுவதற்கு அதை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும், விட்டால் நின்றுவிடும். நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நாற்காலிக்குப் பின்னால் நின்றேன். முடிவு வந்தால் யார் பெயரில் போகும் என்று யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் அதற்கும் ஒரு குழு அமைப்பார்கள்.

மாமியார் கைப்பையைத் திறந்து மரக்கரண்டியை வெளியே எடுத்தார். கண்ணை இறுக மூடிக்கொண்டு அதைப் பொத்தானின் மேல் வைத்தார். தட்டுகள் சீற ஆரம்பித்தன.

"எதுவரைக்கும் அழுத்தணும்?"

"நான் சொல்ற வரைக்கும் அத்தை. விட்டுடாதீங்க."

"எனக்குப் பயமா இருக்கு," என்றார்.

"எனக்கும்தான் அத்தை," என்றேன். முதல் தட்டின் விளிம்பில் நீலப்பொறி ஊரத் தொடங்கியிருந்தது.